மாசிக் கொடையில் செக்யூரிட்டி வேலை: கடிதம்

வணக்கம் ஐயா,

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள் நான். இலை உதிர்ந்து மரம் தளிர்க்கும் வரை வெட்டு கிடையாது. அந்த நேரத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் நடக்கும் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு 10 நாள் செக்யூரிட்டி வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று ஒரு ஏஜென்சிக்காரர் கேட்கிறார். 12 மணி நேர ஷிப்ட், யூனிபார்ம் அவர்களே தருவார்களாம். 'சும்மா நின்னா போதும், போலீசு எல்லாம் பாத்துக்கிடும்' என்கிறார். மைனியோ, 'போவாத, நெரிசல்ல மாட்டிக்கிடுவ' என்கிறாள். சேரும் முன் என்ன கேட்க வேண்டும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவீர்களா?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் 'சும்மா நின்னா போதும்' என்பவரிடம் முதலில் லைசென்ஸைக் கேளுங்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் காவலுக்கு ஆள் அனுப்பக் கூடாது. காவலர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், போலீஸ் நன்னடத்தைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பயிற்சி என்பது 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களம், குறைந்தது 20 வேலை நாள். அடுத்த வாரம் கொடியேற்றம், இன்றைக்கு ஆள் பிடிப்பு என்றால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே சிலர் தாளில் 'வாலண்டியர்' என்று எழுதிவிட்டு, வாயில் செக்யூரிட்டி என்பார்கள். தாளில் இருப்பதுதான் நாளைக்கு நிற்கும்.

தருகிற யூனிபார்மையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். போலீஸ், ராணுவ உடுப்பு போலத் தெரிந்தால் போட்டவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்து ஓராண்டு சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கச் சட்டத்தில் இடமுண்டு. தோளில் நட்சத்திரம் குத்தித் தந்தால் கழற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கூலியில் மூன்று கேள்வி: சொன்ன தொகை 8 மணி நேரத்துக்கா 12-க்கா, சாப்பாடும் யூனிபார்மும் அதில் பிடிப்பார்களா, பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். கேட்டால்தான் நினைவுக்கு வரும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கத்தை தினமும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா) பிடித்தால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு விடுப்புப் பணம் கிடைக்க 78 நாள் சந்தா வேண்டும், 10 நாள் வேலைக்கு அது எட்டாது. வேலையில் அடிபட்டால் மட்டும் முதல் நாளே உரிமை உண்டு.

இனி இடம். செருப்பு வைக்கும் கொட்டகை, வண்டி நிறுத்தம், கடற்கரை, பெண்கள் வரிசை என்று பிரித்துப் போடுவார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும் என்பதால் உங்களுக்கு அநேகமாக வாசல்தான். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் தந்தால் ஷிப்ட் தொடங்கும்போதே உங்கள் சாவிக்கொத்தில் வைத்துப் பாருங்கள். பேட்டரி இறங்கிய கருவி சும்மா கிடக்கும், ஆளும் சுத்தம் என்று நினைத்து விட்டுவிடுவோம். உடம்பில் படாமல் நாலு விரல் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கீழே மெதுவாக ஓட்ட வேண்டும். தாலிக்கும் சேப்டி பின்னுக்கும் அது கத்தும். சத்தம் வந்த இடத்தை மட்டும் புறங்கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ஆள் நுழைந்து போகும் நிலை டிடெக்டரின் ஓரத்தில் இரும்புத் தடுப்பை ஒட்டி வைத்துவிட்டு, 'எல்லாருக்கும் அடிக்குது, மெஷின் கெட்டுப்போச்சு' என்பது வழக்கமான கூத்து. தடுப்பைத் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும்.

ஒரு ஆளுக்கு 10 நொடி என்றால் நிமிடத்துக்கு 6 பேர். கேரளத்திலிருந்து மூன்று பஸ் ஒரே நேரத்தில் வந்து 150 பெண்கள் இறங்கினால் உங்கள் ஒரு வாசலில் 25 நிமிடம். அதற்குள் அடுத்த பஸ் வரும். நெரிசல் இப்படித்தான் பிறக்கிறது. பின்னால் நிற்பவளுக்கு முன்னால் நடப்பது தெரியாது. நடை திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் தள்ளுவாள். முன்னால் நசுங்கி நிற்பவளைப் பார்த்து 'தள்ளாதே' என்று கத்திப் பயனில்லை. பின்பக்க நுழைவை நிறுத்த வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளுக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் செல்போன் எடுக்காது. வாக்கி-டாக்கி யாரிடம் இருக்கிறது, எந்தச் சேனல் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஆட்களுக்கு நடுவே தரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பயமில்லை. ஒரு சதுர மீட்டரில் 4 பேர் ஆனால் நடை தடுமாறும். 5-ஐத் தாண்டினால் முழங்கையை மடக்க இடம் இருக்காது, அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். தலைகள் எல்லாம் சேர்ந்து தென்னந்தோப்பு போல ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது. நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஆகவே சத்தமே இல்லாத கூட்டத்தையும் நம்பாதீர்கள். நீங்களே உள்ளே மாட்டினால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, ஆள் தள்ளுகிற திசைக்குக் குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். விழுந்த போனுக்குக் குனிய வேண்டாம்.

தடுப்பு கட்டியிருப்பதையும் பாருங்கள். சவுக்குக் கம்பைக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தால் அவசரத்துக்குத் திறக்க முடியாது. உங்கள் பத்தடிக்குள் ஒரு இடத்திலாவது கயிற்றுக் கட்டு, இழுத்தால் அவிழும் முடிச்சு வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் எரிச்சல்படுவார்கள், படட்டும்.

பொங்கல் இடுகிற இடத்தில் சேலைத் தலைப்புதான் ஆபத்து. பகலில் காற்று கடலிலிருந்து வரும், புகையும் தீப்பொறியும் ஊர்ப்பக்கம் போகும். அந்தப் பக்கம் வரிசை நிற்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடற்கரையில் போட்டால் அலையில் இறங்காதீர்கள். கயிறோ மிதவையோ வீசுவதும் மீன்பிடிக்காரரைக் கூப்பிடுவதும்தான் உங்கள் வேலை.

தொலைந்த பிள்ளை கிடைத்தால் பெயர், சட்டை நிறம் எல்லாம் மைக்கில் சொல்லவிடாதீர்கள். 'ஒரு பிள்ளை இருக்கிறது, தேடுகிறவர்கள் வாருங்கள்' போதும். வருகிறவர்தான் அடையாளம் சொல்ல வேண்டும். பாதிப் பிள்ளைகள் மலையாளம்தான் பேசும். 'தள்ளல்லே' (தள்ளாதே), 'பதுக்கே' (மெதுவாக), 'நீங்ஙி நில்க்கு' (தள்ளி நில்) மூன்றும் குலசேகரத்துக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சங்கிலித் திருடியைக் கண்ணால் கண்டு பிடித்தால் அடிக்கவோ பையைத் துழாவவோ வேண்டாம். இரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்து நிறுத்தி உடனே போலீசிடம் கொடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எப்படியும் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். உங்கள் சங்கிலி வீட்டில் இருக்கட்டும்.

கொண்டுபோக வேண்டியது: பழகிய செருப்போ ஷூவோ (புதுசு வேண்டாம், கால் வீங்கும்), டார்ச், விசில், உப்பு-சர்க்கரைத் தண்ணீர், நாப்கின். கழிப்பறைக்குப் போகும்போது உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்பதை முதல் மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள். பலர் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுகிறார்கள்.

பத்தாம் நாள் இரவு கொடையின் நிறைவான ஒடுக்கு பூஜை. கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும் நேரம் அது, விசிலைப் பைக்குள் போடுங்கள், கையும் டார்ச்சும்தான் பேச வேண்டும். பூஜை முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே வழியில் பஸ்ஸுக்குத் திரும்புவார்கள். அதுதான் பத்து நாளில் மோசமான அரை மணி நேரம். ஏஜென்சி வேன் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று மாலையிலேயே கேட்டு வைத்துவிட்டு, சாலை காலியாகும் வரை உங்கள் தடுப்பை விட்டு நகராதீர்கள்.