பரவிய கட்டிக்கு நுரையீரலில் ரத்தம் எப்படிக் கிடைக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குக் குடலில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. அங்கே கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

பதில்: இரண்டு வழிகள். விஇஜிஎஃப் போன்ற புரதங்களைச் சுரந்து, பக்கத்து ரத்தநாளங்களிலிருந்து புதுக் கிளை விட வைப்பது ஒன்று. இருக்கிற நாளத்தையே பிடித்துக்கொள்வது இன்னொன்று. நுரையீரலில் இது அடிக்கடி நடக்கிறது. காற்றுப்பைச் சுவரெங்கும் தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தநாளங்கள், பின்னிக் கிடக்கின்றனவே! நான் நோய்க்குறியியல் மருத்துவர். அப்படிப்பட்ட திசுச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் காற்றுப்பைகளின் தேன்கூடு கலையாமல் நிற்கும். காற்று இருக்க வேண்டிய அறைகளில் புற்றணுக்கள் அடைந்து கிடக்கும். சுவருக்குள் பழைய தந்துகி, அதில் வரிசையாகச் சிவப்பணுக்கள். முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அம்மாவுக்குப் புது நாளம் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து போடுகிறார்கள் என்றால், இருமலில் ரத்தம் வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கட்டிக்கு ரத்தம் கொண்டுவருவது நுரையீரல் தமனியா, மூச்சுக்குழல் தமனியா?

பதில்: நுரையீரலிலேயே தோன்றும் கட்டிக்குப் பெரும்பாலும் மூச்சுக்குழல் தமனி. பரவி வந்தவற்றுக்கு இரண்டிலிருந்தும் வரலாம்.

கேள்வி: புது நாளம் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். ரத்தம் இல்லாமல் கட்டி வளராது என்பது இன்றும் உண்மை. அந்த ரத்தம் புது நாளத்தில்தான் வரவேண்டும் என்பதுதான் நிற்கவில்லை. புது நாளமே இல்லாமல் வளர்ந்த நுரையீரல் புற்றுநோய்களை 1997-இல் நோய்க்குறியியல் ஆய்வாளர் பெத்செல்லாவின் குழுவினர் காட்டினார்கள்.

கேள்வி: விட்டுக்கொடுக்கிறீர்கள். அவர் கருத்தை நம்பித்தானே அத்தனை மருந்துகள் வந்தன?

பதில்: வந்தன, பலருக்கு உதவின. பெவாசிசுமாப் விஇஜிஎஃப்பை மடக்கும். பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பழைய நாளத்தில் ஒட்டி வாழும் கட்டிக்குப் புதுக் கிளையே தேவையில்லை, அங்கே அந்த மருந்துக்குப் பிடி குறைவு. எல்லாருக்கும் ஒரேபோல் கேட்காததற்கு இது ஒரு காரணம். ஃபோக்மனை மதிக்கிறேன், அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

கேள்வி: சுறா குருத்தெலும்பு மாத்திரை ரத்தநாளத்தைத் தடுக்குமாமே?

பதில்: இன்று மூன்றாவது முறை இதே கேள்வி. வேண்டாம். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அதன் சாற்றை முறையாகச் சோதித்து 2010-இல் முடிவு வெளியிட்டார்கள், ஆயுள் கூடவில்லை.

கேள்வி: பெவாசிசுமாப் போடும்போது பல் பிடுங்கலாமா?

பதில்: முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள், புண் ஆறத் தாமதமாகும். அப்புறம், இருமலில் ரத்தம் வந்தால் உடனே கிளம்புங்கள்.