மகள் நினைவாக எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் முகாம்: எங்கே பிசகுகிறது?

கேள்வி: எங்கள் மகள் ஏழு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டாள். அவள் அண்ணனின் மஜ்ஜை பொருந்தவில்லை, வெளியிலும் கொடையாளர் கிடைக்கவில்லை. வரும் பிறந்தநாளில் அவள் நினைவாகக் கொடையாளர்களைப் பதிவுசெய்யும் முகாம் நடத்த விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: முகாமுக்கு முன் அந்த அண்ணனிடம் பேசிவிடுங்கள். பொருத்தம் பார்ப்பது ரத்த வகையை வைத்து அல்ல. ஹெச்.எல்.ஏ. எனப்படும் அடையாளக் கூறுகளை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அவை பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஒரே பெற்றோரின் இரு பிள்ளைகளுக்கு அவை முழுமையாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புதான். ‘என்னால்தான் தங்கை போய்விட்டாள்’ என்று பிள்ளைகள் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பார்கள். முகாமில் ‘பொருத்தம்’ என்ற சொல்லை அவன் நாள் முழுக்கக் கேட்கப்போகிறான். அதன் பொருள் முதலில் உங்களிடமிருந்து அவனுக்குத் தெரியட்டும்.

பொருத்தம் பார்க்கத் தேவையான கன்னத்துச் செல் மாதிரிகளை நீங்களே எடுத்து அனுப்ப முடியாது. கொடுக்க முன்வருவோரின் விவரங்களைப் பதிந்து வைத்து நோயாளிகளுக்குப் பொருத்தம் தேடும் கொடையாளர் பதிவகம் ஒன்றை ஆறேழு வாரம் முன்பே அணுகுங்கள். மாதிரி எடுக்கும் பெட்டிகளும் பயிற்சி பெற்ற ஆளும் அங்கிருந்து வர வேண்டும். வயது வரம்பு என்ன, பரிசோதனைச் செலவு யாருடையது என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு பெரும்பாலும் 18இல் தொடங்கும், மேல்வரம்பு பதிவகத்துக்குப் பதிவகம் மாறும். மருத்துவர்கள் இளையவர்களையே முதலில் தேர்வார்கள் என்பதால், அழைப்பிதழ் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிகம் போகட்டும்.

இனி, பிசகும் இடம். முகாமின் வெற்றியை எத்தனை பேர் பதிந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கணக்கு ஏமாற்றும். பொருந்துகிறது என்ற அழைப்பு பல வருடம் கழித்து வரலாம், வராமலே போகலாம். வரும்போது போன் எண் மாறியிருக்கும். அல்லது வீட்டில் ‘வேண்டாம்’ என்பார்கள். அல்லது தான் எதற்குக் கையெழுத்திட்டோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது. உங்கள் துயரத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் பதிந்தவர்கள் இதில் எளிதாகச் சேர்ந்துவிடுவார்கள். ஒப்புக்கொண்டபின் கடைசி நேரத்தில் பின்வாங்குவது இன்னும் கொடுமை. மாற்று சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் புதிய மஜ்ஜை வராவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முதல் மேசை பேசுவதற்கு. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். கூடவே வந்த கணவனோ மனைவியோ அம்மாவோ, அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். முதுகுத் தண்டில் ஊசி போடுவார்கள் என்ற பயத்தை முதலில் களையுங்கள். மஜ்ஜைக்கும் தண்டுவடத்துக்கும் சம்பந்தமில்லை. இன்று பெரும்பாலானோர் கை ரத்தத்திலிருந்தே கொடுக்கிறார்கள். மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வர நான்கைந்து நாள் ஊசி போட்டு, பிறகு இயந்திரம் வழியாக நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பிரித்தெடுப்பார்கள். அந்த நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் ஃப்ளூ காய்ச்சல்போல் இருக்கும், கொடுத்த ஓரிரு நாளில் அடங்கும். இயந்திரத்தில் இருக்கும்போது உதடு மரமரக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. செவிலியரிடம் சொன்னால் கால்சியம் தருவார். இன்னொரு முறையில், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை நான்கு முதல் ஆறு வாரத்தில் ஊறிவிடும். இவ்வளவும் கேட்டபின் எழுந்து போகிறவரை நன்றி சொல்லி அனுப்புங்கள். அவர் இன்று போவது நல்லது.

இரண்டாம் மேசையில் படிவம். மாறாத தொடர்பு ஒன்றை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவரின் எண்ணை, கூடவே எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதில் பஞ்சுக்குச்சி. அரை மணி முன்பிருந்து எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பெட்டியில் சொன்ன நேரம் கன்னத்தின் உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். எச்சிலை மட்டும் தொட்டு எடுத்தால் செல் போதாது. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காயவிட்டு உறையில் இடுங்கள். பார்கோடு ஒட்டும் வேலை ஒரே ஆளிடம் இருக்கட்டும், ஒன்று மாறினாலும் இரண்டு மாதிரி வீண்.

மகளின் படம் வாசலில் இருக்கட்டும், மேசைகளின் மேல் வேண்டாம். நீங்களும் படிவ மேசையில் உட்காராதீர்கள். பெற்ற தாய் எதிரே இருக்கும்போது யாரால் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என முடியும்? அவள் பெயரை முகாமுக்கு வைப்பதில் தயங்க வேண்டாம். உலகின் முதல் கொடையாளர் பதிவகமே ஒரு குழந்தைக்காகத் தொடங்கப்பட்டதுதான்: 1974இல் பிரிட்டனில், ஷெர்லி நோலன் தன் மகன் ஆண்டனிக்காக. கொடையாளர் கிடைக்காமலே 1979இல் அவன் இறந்தான். அவன் நோய் புற்றுநோய் அல்ல, பிறவிக் குறைபாடு. பதிவகம் இன்றும் அவன் பெயரில் நடக்கிறது.

வயது கடந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். அதே நாளில் ரத்தக் கொடைக்கும் ஏற்பாடு செய்யலாம். கீமோ எடுக்கும் குழந்தைகளுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். அவை சில நாட்களே கெடாமல் இருக்கும்.

பதிந்தவர்களில் சம்மதிப்பவர்களின் எண்களை மட்டும் தனியாக வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஒரே ஒரு குறுஞ்செய்தி போதும்: ‘எண்ணோ முகவரியோ மாறியிருந்தால் பதிவகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மனம் மாறியிருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.’