பிய்த்தெடுத்த இடது எஞ்சின்

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலைத் தாளிலேயே செய்துவருகிறேன். ஏழு மாதமாகத் தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்காருகிறேன். ஒன்பது வயது மகள் ஒட்டிய இடது எஞ்சின் கோணலாக இருந்ததால், அவள் தூங்கியதும் பிய்த்துவிட்டு வேறு செய்து வைத்தேன். இப்போது அவள் மேசைப் பக்கமே வருவதில்லை, வேலையும் சுத்தமாக நடக்கிறது. மனைவிதான் இதை வெட்டிவேலை என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, கணவன் மனைவிக்குள் இந்தச் சண்டை மாதம் நாலு கடிதத்தில் வருகிறது. அது கிடக்கட்டும். போகிற போக்கில் இடது எஞ்சின் என்று ஒரு வரி எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

தாளை உருளையாக்குவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டைக் கீறி, பென்சிலில் சுற்றி வளைத்து, விளிம்பில் துளிப் பசை தடவி, காயும்வரை விரலை எடுக்காமல் அழுத்த வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை அதை முடித்திருக்கிறாள். கோணலாகத்தான் வரும். நீங்கள் செய்த முதல் எஞ்சின் நேராகவா வந்தது?

அதுவும் அவள் தூங்கிய பிறகு! தப்பில்லை என்று நினைத்திருந்தால் பகலில், அவள் எதிரிலேயே பிய்த்திருப்பீர்கள். தன் கை ஒட்டியது எது என்று குழந்தைக்குத் தெரியாதா? அவள் வராமல் போனதை ‘வேலை சுத்தமாக நடக்கிறது’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

1966-ல் ஒளிபரப்பான அந்தத் தொடருக்காகச் செய்த பெரிய மாதிரிக் கப்பல் சுமார் 11 அடி நீளம். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே விளக்கு எரிவதற்கான ஒயர்களை அதன் இடது பக்கமாகத்தான் விட்டார்கள். அதனால் அந்தப் பக்க வேலைப்பாட்டை முடிக்கவே இல்லை, கேமராவும் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அசலுக்கே இடது பக்கம் அரைகுறை. உங்கள் வீட்டில் ஒரு எஞ்சின் சாய்ந்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

நான் முதன்முதலில் போட்ட மார்கழிக் கோலத்தில் இரண்டு புள்ளி தவறி, இழை எங்கேயோ போய்விட்டது. அம்மா அழிக்கவில்லை. அன்று முழுக்க அதுதான் எங்கள் வாசலில் இருந்தது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி. பெற்றவர்கள் கடமை அது.

கைவேலையை வெட்டிவேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையை விரட்டிவிட்டுச் செய்யும் வேலைக்காக உங்கள் மனைவியிடம் வக்காலத்து வாங்கவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சினை வெட்டி ஒட்டுவதற்கான படத்தை மறுபடி கெட்டித் தாளில் பிரிண்ட் எடுங்கள். ‘ராத்திரி பிய்த்தது நான்தான், தப்பு’ என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள். வந்தால் கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்துவிட்டு, பசை காயும்வரை உங்கள் இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருங்கள்.