கொன்ட்ரோலுக்கு அரபியில் ஒரே சொல் இருக்கிறதா?

கிண்ணியாவிலிருந்து வளைகுடா வேலைக்குப் போகும் தம்பி கேட்டிருக்கிறார். ஒரே சொல் கிடையாது. இயந்திரத்தை இயக்குவது தஹக்கும். டிவி ரிமோட்டும் இதில்தான் சேரும். ஓர் ஊரைப் படை தன் பிடிக்குள் வைத்திருந்தால் ஸைத்தரா. விமானப் போக்குவரத்தைக் கோபுரத்திலிருந்து பார்த்து வழிநடத்துவது முராகபா, அதாவது கண்காணிப்பு.

பலரும் சறுக்கும் இடம் பூச்சி மருந்தடிக்கும் வேலைதான். அங்கே தஹக்கும் என்று போட்டால், நுளம்பை ரிமோட்டில் பறக்கவிடுவது போலாகிவிடும்! எதிர்த்துப் போராடுதல் என்ற பொருளுள்ள முகாஃபஹாதான் சரி. நாமும் நுளம்பு ஒழிப்பு என்றுதானே சொல்கிறோம்? நோய்க்கும் போதைப்பொருளுக்கும் அதே சொல்தான்.

அப்புறம், கோபத்தை அடக்குவது ளப்துன் நஃப்ஸ். நஃப்ஸ், அதாவது தன் மனம், உங்களுக்குப் பள்ளிவாசல் பயானிலேயே (மார்க்க உரையிலேயே) பழகிய சொல்.