முன்பணம்

அன்புள்ள அண்ணா,

சென்னை வேலையை விட்டுவிட்டுக் குடியாத்தத்துக்கே திரும்பி, எட்டு மாதமாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். ஒரு பதிப்பகத்துக்கு இரண்டு நூல்கள் முடித்துக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. தொகையை எழுதி வாங்கவும் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. கணினியே படம் போடும் காலத்தில் இந்தத் தொழில் நிலைக்குமா? பழைய வேலைக்கே போய்விடலாமா?

ப., குடியாத்தம்

அன்புள்ள ப.,

'கூச்சமாக இருக்கிறது' என்ற இடத்தைத் தாண்டி என்னால் வெகுநேரம் படிக்க முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

என் அப்பா வேலூரில் போர்டு எழுதியவர். நூலில் சுண்ணாம்பு தோய்த்துச் சுண்டிக் கோடு போடுவார். பிறகு எனாமல். 'ழ'வின் சுழியைப் பிரஷ் எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பார். விலை மட்டும் பேச மாட்டார். "பார்த்துக் கொடுங்கள்" என்பார். பாதிப் பேர் கொடுக்கவில்லை. கேட்கவும் அவர் போகமாட்டார். பள்ளி விட்டதும் என்னை அனுப்புவார். லாங்கு பஜாரில் ஒரு மளிகைக் கடை வாசலில், அவர் எழுதிய பலகைக்குக் கீழேயே, ஒன்றரை மாதம் தினமும் நின்றேன். எனக்குப் பதினொரு வயது. "நாளைக்கு வா தம்பி." நிற்கிற நேரமெல்லாம் அண்ணாந்து அந்த எழுத்துகளையே படித்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் கூச்சத்தை நான் சுமந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அந்தக் கையை நினைத்தால் கண் கலங்குவதும் நிற்கவில்லை.

ஃபிளெக்ஸ் வந்துதான் போர்டு எழுதியவர்கள் அழிந்தார்கள் என்று இப்போதும் சொல்கிறார்கள். அது வருவதற்குப் பல வருடம் முன்பே எங்கள் வீட்டில் கடனுக்குத்தான் அரிசி வந்தது. கணினியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் இவ்வளவுதான் பதில்.

என் தாய்மாமன் செய்யாறு பக்கத்தில் கூத்து வாத்தியார். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. மழை மாதங்களில் வருமானமே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் வந்தால் பாய் விரிப்பார், காப்பி கொடுப்பார், முறை சொல்லி அழைப்பார். ஆனால் தாம்பூலத் தட்டில் முன்பணம் வைக்காமல் தேதி கொடுக்கமாட்டார். அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று ஒரு ஊரும் சொல்லிக் கேட்டதில்லை. விடிய விடியத் துரியோதனன் வேடம் கட்டி ஆடியவரை அப்படி யார் சொல்வார்கள்?

நீங்களோ முன்பணம் இல்லாமல், ஒரு வரி எழுதி வாங்காமல், இரண்டு நூல்கள் முழுக்க வரைந்து கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பயந்து நான்கு மாதத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். தனியாக வரைகிறவரும் பதியலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிந்தவர் முடித்துக் கொடுத்த வேலையை வாங்கி ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. நாள் குறித்து எழுதிக்கொள்ளாவிட்டால் 15 நாள்தான் கெடு. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். முடிந்துபோன வேலைக்கு இதை நம்பியிருக்காதீர்கள். அடுத்த நூலுக்குக் கோடு போடும் முன் பதிந்துவிடுங்கள், தொகையில் ஒரு பங்கை முன்னால் வாங்கிவிடுங்கள்.

பழைய வேலைக்குப் போவதா என்பதை உங்கள் சேமிப்பைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எப்படிச் சொல்வேன்?

நாளைக் காலை அந்தப் பதிப்பகத்தைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம். தொகையைச் சொல்லுங்கள், சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, மெதுவாகக் கொடுங்கள்" என்று நாக்கு நுனி வரை வரும். அப்பாவுக்கும் அதுதான் வரும்.