கூட வர்றது அப்பாவா இருந்தாலும் சலுகை உண்டு

கேள்வி: அக்கா வணக்கம். அரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுது, நான் லோடு ஏத்தி இறக்குற வேலை பாக்குறேன், வேலைக்கு போனா தான் கூலி. பையனுக்கு 9 வயசு, பிறந்ததுல இருந்தே மூளை முடக்குவாதம், நடக்க மாட்டான். பிசியோதெரபிக்கு வாரத்துல ரெண்டு நாள் தர்மபுரிக்கு தூக்கிட்டு போறேன். வீட்டுல கைக்குழந்தை இருக்கு, அதனால அவங்க அம்மாவால வர முடியல. அவங்க போனா டவுன் பஸ் ஃப்ரீ, நான் போனா காசு. அன்னைக்கு கூலியும் போகுது பஸ் காசும் போகுது. என்னை மாதிரி கஷ்டப்படுற அப்பாக்களுக்கு போக்குவரத்துக்கு ஏதாவது உதவி இருக்கா?
பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: தம்பி, அப்பாக்களுக்குன்னு தனியா ஒரு திட்டத்தைத் தேடி அலையாதீங்க. உங்களுக்கு வழி இருக்கு, ஆனா அது உங்க பேர்ல இல்ல, பையன் பேர்ல இருக்கு. 2021 மே மாசம் பெண்களுக்கு சாதா டவுன் பஸ்ல இலவசம்னு வந்துச்சு இல்லையா, அதே வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவங்க கூட போற துணையாள் ஒருத்தருக்கும் அதை சேர்த்துட்டாங்க. துணையாள்னா அம்மாவா தான் இருக்கணும்னு கிடையாது, அப்பா போகலாம் தாத்தா போகலாம். பையனோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டுங்க, ரெண்டு பேருக்கும் காசில்லாத டிக்கெட் தான். பையன் கூட இல்லாம நீங்க மட்டும் போனா இது செல்லாது, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அட்டை இருக்கான்னு நீங்க எழுதல. இல்லன்னா எல்லாத்துக்கும் முன்னாடி அதைத் தான் வாங்கணும். யு.டி.ஐ.டி.ன்னு சொல்லுவாங்க, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை அது, இ-சேவை மையத்துலயே அப்ளை பண்ணலாம், பையனோட ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, இதுவரைக்கும் பார்த்த வைத்தியத்தோட சீட்டு எல்லாம் எடுத்துக்கோங்க, அப்புறம் அரசு ஆஸ்பத்திரில டாக்டருங்க பார்த்து பாதிப்பு எத்தனை சதவீதம்னு எழுதுவாங்க. அவங்க எந்த நாள்ல பாக்குறாங்கன்னு முன்கூட்டியே கேட்டுட்டு போங்க, பையனைத் தூக்கிட்டுப் போயி திரும்பி வர்ற மாதிரி ஆயிடக் கூடாது. அந்த சதவீதம் 40ல இருந்து 80க்குள்ள இருந்தா அட்டைல மஞ்சள் பட்டை, அதுக்கு மேலன்னா நீலப் பட்டை இருக்கும்.

அரூர்ல இருந்து தர்மபுரி போற பஸ் வெளியூர் பஸ் கணக்குல வரும், அதுல டவுன் பஸ் சலுகை ஓடாது. அதுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தனியா பாஸ் கேக்கணும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பயிற்சி மையம் போறதுக்குன்னு துணையாளோட சேர்த்து பாஸ் குடுக்கிறாங்க. தெரபி குடுக்கிற இடத்துல இந்தப் பையன் வாரத்துல இத்தனை நாள் வர்றான்னு ஒரு லெட்டர் வாங்கி கையில வச்சுக்கோங்க, கேட்டா குடுக்கலாம். பாஸை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதை மறந்துடாதீங்க. அங்க போறப்பவே மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனு எழுதிக் குடுத்துடுங்க, கடுமையா பாதிக்கப்பட்டவங்கன்னா 75 சதவீதத்துக்கு மேல, அறிவுசார் குறைபாடுன்னா 40 சதவீதத்துக்கு மேல இருந்தா கேக்கலாம், உடனே வந்துடும்னு சொல்ல மாட்டேன் ஆனா மனு போட்டா தானே வரிசைல நிப்பீங்க. மூளை முடக்குவாதக் குழந்தைங்களுக்கு தனியா ஒரு சேர் இருக்கு, அதையும் கேளுங்க, 9 வயசுப் பையனை இடுப்புல வச்சுகிட்டு பஸ் படி ஏறுறது உங்க முதுகு எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்னு, என்னைக் கேட்டா இது தான் முக்கியம். வாரத்துல ரெண்டு நாளும் தர்மபுரி போயே ஆகணுமா? பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்துல ஒவ்வொரு ஒன்றியத்துலயும் வட்டார வள மையம் இருக்கு, அங்க சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வர்றாங்க, பையன் பேரு பள்ளிக்கூடத்துல இருந்தா தலைமை ஆசிரியர்கிட்ட சொன்னாலே வழி காட்டுவாங்க. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைங்களுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்கிறதும், போக்குவரத்துப்படி, துணையாள்படின்னு பணம் குடுக்கிறதும் அதே திட்டத்துல தான். 2021 ஆகஸ்ட்ல உங்க பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கு வந்து பிசியோ குடுக்கிறாங்க, உங்க ஊர் கிராம சுகாதார செவிலியர்கிட்ட பையன் பேரைச் சொல்லி வைங்க. தர்மபுரிக்குப் போறது மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு குறைஞ்சாலே பாதி கூலி கையில நிக்கும்.

என்னைக்காவது பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு மொரப்பூர்ல ரயில் ஏற வேண்டி வந்தா, துணை இல்லாம பயணம் பண்ண முடியாதவங்கன்னு டாக்டர் எழுதின சான்றிதழ் வச்சு ரயில்வே அட்டை வாங்கிக்கோங்க, ஸ்லீப்பர்ல பையனுக்கும் உங்களுக்கும் 75 சதவீதம் தள்ளுபடி. அந்த ஒரு வரி இல்லன்னா துணையாளுக்குக் கிடைக்காது, அதனால எழுதியிருக்கான்னு அங்கேயே பாத்துட்டு வாங்க.

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு ரத்தப் புற்றுநோய், சென்னைல வைத்தியம். ராமநாதபுரத்துல இருந்து போக வர டிக்கெட்டுக்கே கடன் வாங்குறேன். 2020ல ரயில் சலுகை எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே?
ஒரு அப்பா, ராமநாதபுரம்

பதில்: எல்லாத்தையும் எடுக்கல ஐயா. சீனியர் சிட்டிசன் சலுகை மாதிரி நிறைய போச்சு, ஆனா நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாணவர்களுக்கும் உள்ளது அப்படியே இருக்கு. வைத்தியத்துக்கு, செக்கப்புக்குப் போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் கிளாஸ்ல முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம். வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரில ரயில்வே கன்செஷன் ஃபாரம்னு கேளுங்க, டாக்டர் கையெழுத்தும் சீலும் சரியா விழுந்திருக்கான்னு பாத்துக்கோங்க. போன்ல, ஆன்லைன்ல புக் பண்ணினா இந்தத் தள்ளுபடி வராது, கவுண்டர்ல தான் எடுக்கணும். அடுத்த தேதி குடுத்த அன்னைக்கே ஃபாரத்தையும் வாங்கிட்டுக் கிளம்புங்க, ஊருக்கு வந்ததும் ஸ்டேஷன்ல சென்னை போற சேது எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டுடலாம்.