புதிதாகக் கட்டிய ரேடியோ கிளைடரை (ரேடியோவால் இயக்கும், காற்றில் சறுக்கிப் பறக்கும் மாதிரி விமானத்தை) முதல்முறை எப்படிப் பறக்கவிடுவது?

முதலில் ஈர்ப்பு மையம், அதாவது கிளைடர் சமநிலையில் நிற்கும் புள்ளி; மற்றதெல்லாம் அப்புறம்தான். பேட்டரியையும் உள்ளே வைத்து, வரைபடத்தில் குறித்த இடத்தில் இறக்கைகளுக்கு அடியில் விரல்களால் தாங்குங்கள். கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும். வால் பக்கம் கனத்தால் அதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம், அதனால் மூக்கில் ஈயம் சேர்க்கத் தயங்காதீர்கள். இதில் அவசரமே கூடாது.

கையிலுள்ள ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கி, கிளைடருக்குப் பின்னால் நின்று பாருங்கள்: கருவியின் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (வாலில் படுக்கையாக உள்ள அசையும் மடல்) மேலே எழ வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் சுக்கானும் (வாலில் நிமிர்ந்து நிற்கும் அசையும் மடல்) வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

சரி, எறியலாம். மெல்லிய காற்று, நீளமான புல்தரை. காற்றை எதிர்த்து, இறக்கைகள் மட்டமாக, ஈட்டிபோல் நேராக விடுங்கள். மேல்நோக்கி எறிந்தால் வேகம் செத்து விழுந்துவிடும். மூக்குக் குப்புற இறங்கினால் எலிவேட்டர் டிரிம்மை (குச்சியைத் தொடாதபோது எலிவேட்டர் நிற்கும் நிலையைச் சரிசெய்யும் அமைப்பை) சற்று மேலே ஏற்றுங்கள். மூக்கைத் தூக்கித் தூக்கித் தொய்ந்தால் கீழே இறக்குங்கள். குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் நேராகச் சறுக்கும்வரை உயரம் வேண்டாம்.